கங்காணி முதல் பங்குதாரர் வரை: கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் வேலை தருவோர் – வேலை செய்வோர் உறவு

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் வழியில் கேரளம் தொடங்குமிடம் மீனாட்சிபுரம். ஊர்ப்பெயர் தமிழ். கடைவீதியிலும் வயல்வெளியிலும் வழங்கும் மொழியும் பெரும்பாலும் தமிழே. ஆட்சி மட்டும் கேரளத்தினுடையது. இங்கிருந்து தெற்கே மறையூர், போடிமெட்டு, குமுளி என மேற்குத் தொடர்ச்சி மலையின் வாயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவ்வாயில்கள் வழியே மேற்கு நோக்கி ஏறிய தமிழருள் வணிகரும் மாட்டு வண்டிக்காரரும் உண்டு. எனினும் பெருந்தொகையினர் வேலைக்காக ஏறியவர்களே. இன்னும் சரியாகக் கூறின், மலையில் வேலை உண்டு என்று பிறர் சொல்லக் கேட்டு ஏறியவர்கள்.

அவ்வாறு சொன்னவர் யார், அவர் சொல்லுக்கு எவர் பொறுப்பேற்றனர், சொல்லை நம்பி ஏறியவர் எவருடைய வீட்டில் உறங்கினர் என்னும் வினாக்களை இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம் பகுதிகளை உள்ளடக்கிய கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் வரலாற்றில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டத்தொழில் வரலாறு இதுவரை பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவோ தொழிற்சங்கங்களின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. வேலையைப் பற்றிய அறிவுரை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு மாறிற்று என்பது அவற்றுள் போதிய இடம் பெறவில்லை.

கண்காணியும் கங்காணியும்

கங்காணி என்பது கண்காணி என்னும் பழஞ்சொல்லின் பேச்சு வடிவம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்வோரைக் குறிக்க இச்சொல் வழங்கியது. திருமந்திரம் எங்கும் நிறைந்து காணும் இறைவனையே இச்சொல்லால் சுட்டுகிறது. கோயிலையும் கடவுளையும் சார்ந்து நின்ற ஒரு சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்திற்கு ஆள் சேர்ப்பவனின் பெயராயிற்று. இலங்கை, மலேயா, திருவிதாங்கூர் ஆகிய மூன்றிடங்களிலும் அது ஒரே பொருளில் பரவியது. ஆனைமலைப் பகுதியில் இதே பணியைச் செய்தவர் மேஸ்திரி எனப்பட்டார். பெயர் வேறுபட்டாலும் முறை ஒன்றே.

கங்காணி வெளியாள் அல்லன் என்பதே இம்முறையின் அடிப்படை. அவன் தன் ஊருக்கே திரும்பி வந்தான். தன் உறவினரிடமும் அண்டைத் தெருவினரிடமும் பேசினான். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வானம்பார்த்த நிலங்களில் மழை பொய்த்த ஆண்டுகளில் அவன் பேச்சுக்கு மதிப்புக் கூடியது. சென்றவர்களுள் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் அவர்களுக்கு நிலமும் இல்லை. நிலவுடைமையாளரிடம் பட்ட கடனோ இருந்தது. எனவே கங்காணியின் அழைப்பை வெறும் ஏமாற்று என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஊரின் சாதிக் கட்டிலிருந்து வெளியேற வேறு வழி காணாதவர்க்கு அது ஒரு வழியாகவும் இருந்தது. அவ்வழி எங்குக் கொண்டு சேர்த்தது என்பது அடுத்த கேள்வி.

ஆள் சேர்ப்பவனே மலையில் மேற்பார்வையாளனாகவும் இருந்தான். தான் கொண்டுவந்தவர்களின் உழைப்புக்கேற்ப அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. வேலை தரும் துரைக்கும் வேலை செய்யும் ஆளுக்கும் இடையே நேரான பேச்சு இல்லை. கூலிக் கணக்கு, கடன், நோய், பிணக்கு அனைத்தும் கங்காணி வழியாகவே நடந்தன. இன்றைய வழக்கில் வேலை வழிகாட்டி, ஒப்பந்தக்காரர், கடன் கொடுப்பவர், மேலாளர் என்று நால்வராகப் பிரித்துச் சொல்லத்தக்க பணிகளை அன்று ஒருவனே செய்தான் எனலாம். அறிவுரை கூறுபவனே அவ்வறிவுரையால் ஆதாயம் பெறுபவனாகவும் இருந்தமையை இம்முறையின் மூலக்குறை எனக் கருதுவதே தகும்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் எழுதி 1969இல் வெளிவந்த ஆங்கில நாவலும், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என அது தமிழில் பெற்ற வடிவும் இக்காலத்தை அறிய உதவும் இலக்கியச் சான்றுகள். 2013இல் வெளியான பரதேசி திரைப்படத்திற்கும் இந்நாவலே அடிப்படை. இவை ஆனைமலையைப் பற்றியன. மூணாற்றின் வரலாற்றுக்கு நேர்ச்சான்றாக இவற்றைக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரிலிருந்து மலைக்கு நடந்தவர்களின் மனநிலையை இவ்வளவு விரிவாகக் காட்டும் தமிழ் ஆவணம் வேறு அரிது.

முன்பணம்

கங்காணியின் சொல்லுக்கு வலிமை தந்தது முன்பணம். ஊர்க்கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் அது தரப்பட்டது. பெற்ற அன்றே வேலையாள் கடனாளியானான். மலையில் அரிசியும் கம்பளியும் கணக்கில் எழுதப்பட்டன; ஆண்டிறுதியில் கணக்குத் தீர்க்கும்போது மிஞ்சுவதைப் பொறுத்தே ஊர் திரும்புவதும் திரும்பாமையும் அமைந்தன.

இக்கடனுக்குச் சட்டமும் துணைநின்றது. முன்பணம் பெற்றபின் வேலையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் பிரித்தானிய இந்தியாவில் நடைமுறையில் இருந்தது; சிறைத்தண்டனைக்கும் அது இடம் தந்தது. தோட்ட முதலாளிகள் 1893இல் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கத்தை அமைத்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1903இல், சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் வந்தது. 1859ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல்தான் இயற்றப்பட்டது. வேலையை விடுவது குற்றம் என்ற நிலை ஏறத்தாழ மூன்று தலைமுறைக் காலம் நீடித்தது என்பது இதனால் பெறப்படும். இலங்கையில் ஒரு கங்காணியின் கடனாளியை இன்னொரு தோட்டத்திற்கு மாற்ற உதவிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது; மலேயாவுக்குக் கங்காணி வழி ஆள் செல்வது 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. கடல் கடந்த தமிழருக்கு நேர்ந்ததைப் பற்றி நாளிதழ்களும் சட்டமன்றங்களும் பேசிய அளவுக்கு, போடிமெட்டைக் கடந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. மலை அருகிலிருந்ததே இதற்குக் காரணம் போலும்.

மலையின் கைமாற்றம்

பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் 1877 ஜூலையில் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். தொடக்கத்தில் காப்பி, சின்கோனா முதலியன பயிரிடப்பட்டன. தேயிலை 1880ஐ ஒட்டி வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பின்லே மூர் நிறுவனம் 1895இல் நுழைய, 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே சென்ற சிறு இரயில் பாதையும், மலையுச்சியிலிருந்து கோட்டகுடிக்கு இறங்கிய கம்பிவழியும் தேயிலையைப் போடிநாயக்கனூருக்குக் கொண்டு சென்றன. அரிசி எதிர்வழியில் ஏறியது. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல், வந்த பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை.

எல்லப்பட்டி, மாட்டுப்பட்டி, குண்டுமலை என இங்குள்ள தோட்டங்களின் பெயர்களுள் பல தமிழாக இருப்பதையும், தொழிலாளரின் சொற்களஞ்சியத்தில் வேலை தருவோரின் மொழி கலந்திருப்பதையும் இணைத்துக் காண வேண்டும். காலையில் ஆட்களை வரிசைப்படுத்தும் இடம் மலைத்தோட்டங்களில் பெரட்டுக்களம் எனப்பட்டது. படையணி வகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு இது. வரிசைக் குடியிருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் லயன் என்றாகிப் பின் லயம் என நிலைத்தது. இசையில் லயம் உண்டு. குதிரை கட்டும் லாயமும் தமிழில் உண்டு. அங்கு வாழ்ந்தவர்கள் இரண்டாவதையே நினைத்துக்கொண்டனர் என்றால் வியப்பில்லை.

லயத்தில் குடியிருந்தோர் நிலைத்த குடிகளா, வந்துபோவோரா என்னும் வினா மாநில எல்லையைத் தீர்மானிக்கும் வாதத்திலும் இடம்பெற்றது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்கத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. எதிர்த்தரப்பு, அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்கு வந்தவர் என்றது. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையின் வழியில், 1956 நவம்பர் 1 முதல் அவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. வேலை செய்த இடத்தில் சொந்த வீடு இல்லாமை ஒரு மக்கள் கூட்டத்தின் அரசியல் எடையையே குறைத்தது என்பது இவ்விடத்து நோக்கத்தக்கது.

சட்டம் தந்த வீடு

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், குடிநீர் ஆகியவற்றை அளிப்பது முதலாளியின் கடமை என அது வகுத்தது. அதனையடுத்த ஆண்டுகளில் கங்காணி முறையும் முடிவுக்கு வந்தது. கூலி என்ற பெயர் ஏட்டிலிருந்து நீங்கித் தொழிலாளி என்ற பெயர் வந்தது. துரைக்கும் ஆளுக்கும் இடையே கங்காணி நின்ற இடத்தில் தொழிற்சங்கம் நின்றது. 1958இல் கம்யூனிஸ்ட் அரசு ஆட்சியில் இருந்தபோதே மூணாற்றில் நடந்த வேலைநிறுத்தத்தில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் நிகழ்ந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றிபெற்றார். அத்தேர்தலுக்குப் பாவலர் வரதராசன் மலையேறிப் பாடியதைத் தமிழ் இசையுலகு இன்றும் நினைவுகூர்கிறது.

1951ஆம் ஆண்டின் சட்டம் தொழிலாளர்க்குத் தந்த நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. தோட்ட மருத்துவமனைகளும் பள்ளிகளும் பிற கிராமப்புறங்களில் இல்லாத காலத்தில் இங்கு இருந்தன. ஆனால் வீட்டை வேலையின் பகுதியாக அது வைத்தது. ஓய்வு பெற்றால் லயத்தை விட்டு வெளியேற வேண்டும். ஊருக்குத் திரும்பலாம் என்றால், மூன்றாம் தலைமுறைக்கு ஊர் ஒரு பெயராக மட்டுமே எஞ்சியிருந்தது. எனவே ஓய்வு பெறும் தாயின் இடத்தில் மகளோ மருமகளோ பெயர் பதிந்தனர். குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால் அனைவர்க்கும் கூரை உண்டு. முன்னர்க் கடன் செய்த வேலையைப் பின்னர் வீடு செய்தது. கங்காணி இல்லாத இக்காலத்தில் மலையில் வேலைபற்றிய அறிவுரையைக் கூறியவர் பெற்றோரே. பிள்ளைகளுள் எவரைப் படிக்க வைப்பது, எவரைப் பெயர் பதிய வைப்பது என்று அவர்கள் எடுத்த முடிவின் துன்பத்தை எந்தச் சட்டத் தொகுப்பிலும் காணவியலாது.

படித்த பிள்ளைக்கும் வழி எளிதாக இல்லை. தமிழ்வழிக் கல்வி முடித்தவர் கேரள அரசுப்பணிக்கு மலையாளம் அறிய வேண்டும். தாழ்த்தப்பட்டோர்க்கான சாதிச் சான்றிதழ் பெற, முன்னோர் 1950ஆம் ஆண்டுக்கு முன்னரே கேரளத்தில் குடியிருந்தமைக்கு ஆவணம் கேட்கப்பட்டது. நிலமோ வீடோ சொந்தமில்லாதவர் எதைக் காட்டுவர்? நூறாண்டு உழைப்புக்குத் தோட்டத்தின் பெயர்ப்பதிவேடே சான்று. அதுவும் தொழிலாளர் கையில் இருப்பதன்று.

தொழிலாளரே உரிமையாளர்

1964இல் டாடா குழுமம் பின்லேயுடன் கூட்டுச்சேர்ந்தது. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. 1983இல் டாடா டீ என்ற பெயர் வந்தது. துரை என்னும் விளி மட்டும் மாறவில்லை. ஆங்கிலேயர் போனபின் வந்த இந்திய மேலாளரும் துரையே.

1990களின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தது. 2000ஐ ஒட்டிப் பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டன. தொழிலாளர் கூலியும் பணிக்கொடையும் இன்றி லயங்களில் தங்கியிருந்தனர். அதே 2000இல் டாடா டீ இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தை வாங்கியது. தேயிலையைப் பயிரிடுவதைவிடப் பெயரிட்டு விற்பதில் வருவாய் மிகுதி என்பது வணிக உலகின் கணக்கு. அதன்படி 2005 ஏப்ரல் 1 முதல் மூணாற்றுத் தோட்டங்கள் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் நிறுவனம் என்ற புதிய அமைப்பின் கீழ் வந்தன. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் அதன் பங்குகளைப் பெற்றனர். பெரும்பான்மைப் பங்கு அவர்களுடையதாயிற்று. டாடாவும் ஒரு பகுதியை வைத்துக்கொண்டது. கண்ணன் தேவன் என்னும் வணிகப் பெயர் டாடாவிடமே நின்றது. மலையிலுள்ள நிறுவனம் ரிப்பிள் என்னும் பெயரில் தன் தேயிலையை விற்றது.

உலகில் தொழிலாளர் உடைமை பற்றிப் பேசுவோர் இம்மாற்றத்தைப் போற்றினர். மூணாறு பீர்மேடாகாமல் காத்தது இதுவே என்பதில் உண்மை உண்டு. ஆயினும் கொழுந்து பறிப்பவளின் ஒரு நாளில் எது மாறியது எனக் கேட்டால் விடை சுருக்கமானது. நாட்கூலி, பறிக்க வேண்டிய எடை, லயம், மேற்பார்வை ஆகியவை முன்போலவே இருந்தன. பங்குப் பத்திரம் அவளை உரிமையாளர் என்றது. ஆனால் ஓய்வு பெறும் நாளில் வீட்டைத் திருப்பித் தர வேண்டிய உரிமையாளர் அவள்.

பெம்பிளை ஒருமை

2015 செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம், இலாபம் குறைந்ததைக் காரணம் காட்டி, 20 விழுக்காடாக இருந்த போனசை 10 விழுக்காடாக்கியது. அன்றைய நாட்கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு நகரில் இறங்கிக் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அழைப்பு விடுத்த சங்கம் எதுவுமில்லை. கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில் விடவில்லை. சங்கத்தார் நிறுவனத்திடம் சலுகை பெறுகின்றனர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. லிசி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் ஆகியோரின் பெயர்கள் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தன. செப்டம்பர் 13 அன்று முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சின் முடிவில் 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு ஏற்கப்பட்டது.

அவர்கள் தம் கூட்டத்திற்கு இட்ட பெயர் மொழியியல் நோக்கிலும் கருதத்தக்கது. பெண்பிள்ளை என்பதன் பேச்சு வடிவம் பெம்பிளை. ஒருமை என்பது தமிழிலக்கண மாணவர்க்குப் பன்மைக்கு எதிரானது. மலையாளத்தில் அது ஒற்றுமையை உணர்த்தும். ஆயினும் இது மலையாளத்திலிருந்து கடன்பெற்ற பொருள் என்று முடிவு கட்டிவிட இயலாது. திருக்குறளிலேயே ஒருமை என்பது ஒரு பிறவியையும் ஒருமைப்பட்ட மனத்தையும் குறித்து வழங்குகிறது. எல்லைநில மக்களின் நாவில் இரு மொழியின் பொருளும் ஒரு சொல்லில் கூடியது எனக் கொள்வதே பொருந்தும்.

இப்போராட்டத்தைக் கூலிப் போராட்டம் என்று மட்டும் வகைப்படுத்துவது குறைவுடையது. ஆள் சார்பில் பேசும் இடைநிலையாளரை, அவர் கங்காணியாயினும் சங்கத் தலைவராயினும், விலக்கிவிட்டு வேலை தருவோரிடம் நேரே பேச முற்பட்டதே இதன் தனித்தன்மை. பங்குதாரர்களாகிய பெண்கள் தம் நிறுவனத்தையே எதிர்த்துத் தெருவில் அமர்ந்தனர் என்பதும், தாம் பங்குதாரர் என்பதை எவரும் வாதமாகக்கூட எடுத்துரைக்க வேண்டிய தேவை எழவில்லை என்பதும் 2005ஆம் ஆண்டின் மாற்றம் எவ்வளவு மேலோட்டமானது என்பதைக் காட்டும். ஆனால் நேர்ப்பேச்சு நீடிக்கவில்லை. 500 ரூபாய்க் கூலி கேட்டு நடந்த அடுத்த போராட்டத்தின் முடிவில், அரசும் முதலாளிகளும் ஏற்கப்பட்ட சங்கங்களும் அமர்ந்த குழு, அக்டோபரில் 301 ரூபாய் என முடிவு செய்தது. அம்மேசையில் பெம்பிளை ஒருமைக்கு இருக்கை இல்லை. நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் சில இடங்களை வென்றனர். பின்னர் அமைப்பு பிளவுபட்டது.

லயத்திற்கு வெளியே

2020 ஆகஸ்ட் 6 இரவு நயமக்காடு தோட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றை வேராகக் கொண்ட, ஒன்றோடொன்று உறவுடைய குடும்பத்தினர். ஒரே ஊரிலிருந்து உறவு வழியே ஆள் சேர்த்த பழைய முறையின் தடம், மாண்டோர் பட்டியலில் அவ்வாறு தெரிந்தது. உயிர்தப்பிய 8 குடும்பங்களுக்குக் குட்டியாறு பகுதியில் நிலமும் வீடும் தரப்பட்டன. அதே ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அடக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் மாஞ்சோலையில், 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை முடிவதற்கு முன்னரே, 2024இல் தேயிலை நிறுவனம் தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் பெற்றது. வேலையோடு வீடும் போகும் என்னும் அச்சம் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவரை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றது. மூணாற்றுப் பெற்றோர் இதைத் தொலைவிலுள்ள செய்தியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளிடம் அவர்கள் கூறும் அறிவுரை இப்போது வேறு. பெயர் பதியாதே, இறங்கிப் போ என்பதே அது. இளையோர் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் கொச்சிக்கும் சென்றுள்ளனர். சிலர் மூணாற்றிலேயே விடுதிகளிலும் வாடகை ஊர்திகளிலும் வேலை பார்க்கின்றனர். தாய் ஓய்வுபெறும் வரை லயம் இருக்கும். அதற்குள் சமவெளியில் ஒரு வீட்டுமனைக்குப் பணம் சேர வேண்டும். தோட்டமோ ஆளின்றி நிற்கவில்லை. ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் காலியான லயங்களில் குடியேறியுள்ளன. அவர்களுள் முன்னரே மலைக்கு வந்த ஒருவர், மலையில் வேலை உண்டு என்று கைப்பேசியில் தம் ஊருக்குச் சொல்ல, அடுத்த குடும்பம் இரயில் ஏறுகிறது.